இரும்பு வேண்டாம் என்ற மிசின்

டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். சர்க்கரைக்கு மாத்திரை பாதி, நடை பாதி என்றார். சும்மா நடப்பது எனக்கு வராது. நான் நடந்தால் ஒரு வேலைக்காக நடப்பேன். தோளில் ஒரு கம்பி இருக்கும், வாயில் ஒரு திட்டு இருக்கும், இந்த சைட்டிலிருந்து அந்த சைட்டுக்குப் போவேன். கையை வீசிக்கொண்டு கடற்கரை ஓரம் போய்விட்டுத் திரும்பி வர நான் என்ன பென்சன் வாங்குகிற ஆளா?

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. ராஸ் அல் கைமாவுக்கு வந்தபோது ஒரு டைல்ஸ் கம்பெனியில் வெல்டருக்கு ஹெல்பர். கண்ணாடி போடாமல் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்து, கண்ணில் உருளைக்கிழங்கு வைத்துக் கட்டிக்கொண்டு லேபர் கேம்ப்பில் கிடந்தவன். இன்றைக்கு இந்த ஊரில் நீங்கள் எந்தத் தெருவில் நுழைந்தாலும் அங்கே ஒரு கேட்டாவது என் ஒர்க்‌ஷாப்பில் செய்ததாக இருக்கும். அரபிகள் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டுக் காவா என்கிற அரபிக் காப்பி ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை.

இப்போது ஒர்க்‌ஷாப்பை மகன் பார்க்கிறான். இன்ஜினியர். கம்ப்யூட்டரில் கேட் வரைகிறான். "அப்பா, நீங்க ஷெட்டுக்கு வராதீங்க. நீங்க வந்தா ஆளுங்க வேலைய விட்டுட்டு உங்களுக்கு சலாம் போட்டுக்கிட்டே நிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டான். மரியாதையாகத்தான் சொன்னான். அதற்குப் பிறகு எனக்கு உட்கார இடமில்லாமல் போய்விட்டது. டிவி முன்னால் உட்கார்ந்தால் கால் ஆடும். படுத்தால் எழுந்திருக்கத் தோன்றும். பிரிட்ஜைத் திறப்பேன், மூடுவேன். "நீங்க ஒரு எடத்துல இருங்க, எனக்குத் தலை சுத்துது" என்று என் மனைவி கத்துவாள்.

அந்த நேரத்தில்தான் மிசின் வந்தது. பக்கத்து வில்லாவில் இருந்த வெள்ளைக்காரர் ஊருக்கே திரும்பிப் போகிறார் என்று சாமான்களை வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். நீளமான கம்பி, அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம், கைப்பிடிக்குப் பக்கத்தில் சின்னத் திரை. என்ன என்று கேட்டேன். மெட்டல் டிடெக்டர் என்றார். செடித்தொட்டி மண்ணில் ஒரு திர்ஹம் காசைப் புதைத்து, மேலே தட்டைக் கொண்டுபோனார். குருவி மாதிரி கீச்சென்றது. அடுத்து ஒரு ஆணியைப் புதைத்தார். பன்றி மாதிரி உறுமியது. அப்புறம் ஒரு பட்டனை அழுத்திவிட்டு அதே ஆணியின்மேல் ஆட்டிக் காட்டினார். சத்தமே இல்லை. இரும்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அது இரும்பைப் பற்றி வாயே திறக்காதாம். எனக்கு அந்தப் பட்டன் ரொம்பப் பிடித்துப்போனது. எத்தனை ஹெல்பர்களிடம் நான் அப்படி ஒரு பட்டனைத் தேடியிருக்கிறேன்!

நான் அதை வாங்கும்போதே மகன் எச்சரித்தான். "பழைய கோட்டை, கல்லறை இருக்கிற பக்கம் போயிறாதீங்க. அங்க தோண்டுனா உள்ள தள்ளிருவான். பீச்சோட நிறுத்திக்கங்க."

முதல் நாள் சாயங்காலம் மனைவியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பீச்சுக்குப் போனேன். அவள் இறங்கக்கூட இல்லை. நான் ஹெட்போனை மாட்டி, தட்டை இரண்டு வீச்சு வீசியிருப்பேன். கீச்! கால் பெருவிரலால் மணலைத் தள்ளினேன். மோதிரம். தங்கம். சிவப்புக் கல் வைத்த ஆண்பிள்ளை மோதிரம், கனமாக. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வண்டி ஜன்னலில் நீட்டினேன்.

"என்ன புள்ள, பாத்தியா? இன்னும் வேர்க்கவே இல்ல, அதுக்குள்ள தங்கம்!"

அவள் மோதிரத்தைத் தொடவில்லை. "எந்த வீட்டு ஆம்பளையோ, இந்நேரம் தேடிக்கிட்டு இருப்பாக" என்றாள்.

இந்த நாட்டில் கீழே கிடந்ததை எடுத்தால் போலீசில் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கே கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பையன் மாஷா அல்லாஹ் என்று என் கையைக் குலுக்கினான். கொடுப்பதற்கு முன்னால் உள்ளங்கையில் வைத்து, என் முகமும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டேன். எங்கள் மாவட்டத்து ஆட்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்புகள் அத்தனையிலும் போட்டேன். கத்தாரில், நஜ்மாவில் மளிகைக்கடை வைத்திருக்கிற என் சித்தப்பா மகன் உடனே போன் பண்ணினான்.

"அண்ணே, பொதையல் எடுத்தீகளாமே?"

"எடுத்தேன்டா. தங்கம் எங்க இருக்குன்னு எனக்கு வாசனையே தெரியும்."

"அப்ப இங்கிட்டும் ஒரு தடவ வாங்கண்ணே. எங்க கடைக்குப் பின்னாடியும் மணலாத்தான் கெடக்கு."

எல்லாரும் சிரித்தார்கள், எல்லாரும் மெச்சினார்கள். என் மகன் மட்டும் சாப்பிட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அது பிகினர்ஸ் லக் அப்பா. புதுசா வர்றவனுக்கு ஒரு தடவ அப்படிக் கிடைக்கும். அவ்வளவுதான்" என்றான்.

நான் பாதிச் சோற்றில் கையைக் கழுவினேன். லக்கா? என் வாழ்க்கையில் ஒன்றாவது லக்கில் வந்திருக்கிறதா? விசாவுக்குக் கையெழுத்துப் போடுகிற கஃபீலின் வாசலில் வெயிலில் நின்றது லக்கா? முதல் வெல்டிங் செட்டைத் தள்ளுவண்டியில் வைத்து நானே தள்ளிக்கொண்டு வந்தது லக்கா? மறுநாளே போனேன். அதற்கு மறுநாளும் போனேன்.

பெப்சி டப்பாவின் வளையம். சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள். பாட்டில் மூடி, பாட்டில் மூடி, பாட்டில் மூடி. ஒரு பொம்மைக் காரின் சக்கரம். அப்புறம் ஆணிகள்! குளிர்காலத்தில் இங்கே பீச்சில் கூடாரம் போட்டுக் கறி சுடுவார்கள். விறகுக்கு, சரக்கு அடுக்குகிற பேலட் பலகையைக் கொண்டுவந்து எரிப்பார்கள். பலகை சாம்பலாகும், ஆணி மணலில் இறங்கும். தட்டை வீசும் பக்கமெல்லாம் உறுமல். வாழ்நாள் முழுக்க இரும்போடு கிடந்தவனுக்கு இனிமேல் இரும்பு எதற்கு? பட்டனை அழுத்தி இரும்பை மூடினேன். காது அமைதியானது. மனசுதான் ஆகவில்லை. தங்கம் வரவே இல்லை. மகன் ஒன்றும் கேட்கமாட்டான். நான் உள்ளே வரும்போது என் கையைப் பார்ப்பான், அவ்வளவுதான். அது போதும் எனக்குத் தூக்கம் கெட.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை, கண்விழித்துக் காப்பி குடிப்பதற்குள் அந்தப் போன் வந்தது. ஒரு பெண்குரல். கோயம்புத்தூர்ப் பேச்சு.

"மோதிரம் கண்டுபிடிச்சது நீங்கதானுங்களா? உங்க போட்டோவும் நம்பரும் எங்க குரூப்புக்கு வந்துச்சுங்க. நாங்க துபாய்ல, கராமால இருக்கறமுங்க."

"நான்தான் தாயி. சொல்லு."

"நேத்து லீவுன்னு உங்கூர் பீச்சுக்கு வந்திருந்தமுங்க. ஒரே காத்து. துப்பட்டா நிக்கவே மாட்டேங்குதுன்னு ஊக்கு எடுத்துக் குத்திக்கிட்டேன். பந்து வெளையாடுனோம். வீட்டுக்கு வந்து பாத்தா…" மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தாலிச் சங்கிலி கழுத்துல இல்லீங்க" என்றாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"எங்கம்மா அவங்க வளையலை அழிச்சுப் பண்ணிப் போட்டதுங்க. அம்மா போன வருசம் தவறிட்டாங்க. இவர் வேற வாங்கிக்கலாம்ங்கறாரு. எனக்கு வேற வேண்டாமுங்க. அதுதான் வேணும்."

"அழுகாத ஆத்தா. பொறப்பட்டு வா. இன்னைக்கு எடுத்துத் தர்றேன்" என்றேன். கிடைத்தால் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படிப் பேசிப் பழக்கமில்லை.

அவர்கள் வந்து சேருவதற்குள் நான் பீச்சில் இருந்தேன். முதலில் கண்ணில் பட்டது முனிசிபாலிட்டி டிராக்டர். காலையில் வந்து மணலைக் கிளறிச் சலித்து, குப்பையோடு அள்ளிக்கொண்டு போகிற வண்டி. அதில் சங்கிலி போனால் போனதுதான். குறுக்கே ஓடிப்போய்க் கையை விரித்து நின்றேன். ஓட்டுகிறவர் பாகிஸ்தானில் பெஷாவர்ப் பக்கத்துப் பட்டாணியர்.

"பாய், ருக்கோ! இதர் மத் ஆவோ!" இந்தப் பக்கம் வராதே என்று கத்தினேன்.

"க்யா ஹுவா சாச்சா?" என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே அவர் வண்டியை நிறுத்தினார்.

விஷயத்தைச் சொன்னேன். தாலி என்றால் அவருக்குப் புரியவில்லை. அம்மா கொடுத்தது, அம்மா இல்லை என்று சொன்னதும் புரிந்தது. நெஞ்சில் கையை வைத்தார். இந்தப் பக்கத்தை இன்று விட்டுவிடுகிறேன், நாளைக் காலையில் கட்டாயம் சலித்தாக வேண்டும், சூப்பர்வைசர் பார்ப்பார் என்று இந்தியில் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

ஆக, எனக்கு இருந்தது அந்த ஒரு பகல்தான்.

புருசனும் பெண்டாட்டியும் வந்தார்கள். அவர் ஆபீஸ் ஆள், நல்ல மாதிரி, ஷூவுக்குள் மணல் போகிறதே என்று பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறும் அதில் ஒரு மஞ்சள் துண்டும் கட்டியிருந்தாள். சிமெண்டுக் குடை ஒன்றைக் காட்டி, பாய் விரித்தது இங்கே, பந்து விளையாடியது அங்கே, தண்ணீரில் இறங்கவே இல்லை என்றாள்.

நான் வேலை தெரிந்தவன். சும்மா அங்கேயும் இங்கேயும் ஆட்டிக்கொண்டு திரிய மாட்டேன். ஒர்க்‌ஷாப்பில் தகடு வெட்டக் கோடு போடுகிற மாதிரி, நூல் கட்டி மணலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்தேன். ஒவ்வொரு பாத்தியையும் நீளவாக்கில் ஒரு தரம், குறுக்குவாக்கில் ஒரு தரம் பார்த்தேன். ஒரு பாட்டில் மூடிகூடத் தப்பியிருக்காது. அவள் என் தட்டுக்குப் பின்னாலேயே நடந்தாள். கீச்சென்றால் போதும், நான் குனிவதற்கு முன்னால் அவள் முழங்காலில் விழுந்து மணலைக் கிளறுவாள். அலுமினிய மூடி. மறுபடியும் மூடி. ஒரு காசு. அவள் அந்தக் காசைப் பார்த்த பார்வையை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வெயில் உச்சிக்கு வந்தது. புருசன்காரர் குடை நிழலிலிருந்து எழுந்து வந்தார்.

"போதுமுங்க அங்கிள். இங்க இருந்தா இந்நேரம் கெடைச்சிருக்கும். யாராச்சும் எடுத்துட்டுப் போயிருப்பாங்க. விடுங்க."

"எடுத்துட்டுப் போனத நீங்க பாத்தீங்களா?" அவள் அவரைப் பார்க்காமலே கேட்டாள்.

"பாக்கல. ஆனா எவ்வளவு நேரம்தான் இந்தப் பெரியவரை வெயில்ல நிறுத்தறது?"

"பெரியவர் நின்னா நிக்கட்டும் தம்பி. நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றேன் நான். எரிச்சல் அவர்மேல் இல்லை. பிள்ளையைப் பக்கத்து பிளாட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கடைசியில் கிளம்பினார்கள். அவள் காரில் ஏறும் வரைக்கும் மணலையே பார்த்துக்கொண்டு போனாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. எப்படிப் போவது? ராஸ் அல் கைமாவிலிருந்து கத்தார் வரைக்கும் வாசனை தெரியும் என்று சொல்லி வைத்தவன். பார்த்த பாத்தியையே திரும்பப் பார்த்தேன். குடையைச் சுற்றினேன். குப்பைத்தொட்டியைக்கூடச் சுற்றினேன். நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. லக், லக் என்று மகன் குரல் ஹெட்போனுக்குள்ளேயே கேட்டது.

சாயங்காலம் ஒர்க்‌ஷாப் பிக்கப்பில் என் மனைவி வந்து இறங்கினாள். கையில் தயிர்ச்சோறு.

"சக்கரைக்காரரு மத்தியானம் சாப்பிடாம மணல்ல நிக்கிறாரு. விழுந்து கெடந்தா யாரு தூக்குறது?"

"பேசாம போ. நான் வேலையா இருக்கேன்."

"வேலையா இருக்காகளாம். சாப்பிட்டுட்டு இருங்க வேலையா."

குடைக்குக் கீழே உட்கார்ந்து பாத்திரத்தைத் திறந்தாள். கடல்காற்று ஏறிவிட்டிருந்தது. அவள் முந்தானை பறந்து சோற்றில் விழப் பார்த்தது. ஒரு கையால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையை ரவிக்கைக்குள் விட்டுத் தாலிச் சங்கிலியை வெளியே இழுத்தாள். அதில் கொத்தாக நாலைந்து ஊக்கு தொங்கியது. ஒன்றைக் கழற்றி, முந்தானையைத் தோளில் குத்தி, சங்கிலியை மறுபடியும் உள்ளே விட்டாள். எல்லாம் ஒரு நொடி. அவளுக்கு அது ஒரு வேலையே இல்லை.

என் கையில் சோறு அப்படியே நின்றது.

"அது என்னடி?"

"எது?"

"தாலியில தொங்குதே, அது."

"ஊக்கு."

"அத எதுக்குத் தாலியில மாட்டியிருக்க?"

"வேற எங்க மாட்டுறது? அவசரத்துக்கு வேணும்ல. எல்லாப் பொம்பளையும் அதுலதான் மாட்டிருப்பா." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இத்தனை வருசமா இது உங்களுக்குத் தெரியாதா?"

"நான் எங்க பாத்தேன்?"

"அதான். நீங்க என்னைக்கு என் கழுத்தப் பாத்தீக? நான் ஊருல கெடந்தப்ப ரெண்டு வருசத்துக்கு ஒரு லீவு வருவீக. அதுலயும் ஊரு பூரா சுத்தி கேம்ப் கதை சொல்லுறதுக்கே நேரம் சரியா இருக்கும்."

போனில் அந்தப் பெண் சொன்னது காதில் வந்து விழுந்தது. காற்று, துப்பட்டா, ஊக்கு எடுத்துக் குத்திக்கிட்டேன். எங்கிருந்து எடுத்திருப்பாள்? சங்கிலியை வெளியே இழுத்து, ஊக்கைக் கழற்றியிருக்கிறாள். அந்த இழுப்பில் கொக்கி நெகிழ்ந்திருக்கிறது. மீதி ஊக்குகள் சங்கிலியோடு விழுந்திருக்கின்றன. ஊக்கு இரும்பு. ஒரு கொத்து இரும்பு, அதோடு நூல் மாதிரி ஒரு தங்கச் சங்கிலி. மிசினுக்கு அது மொத்தமும் இரும்புதான். நானோ காலையிலிருந்து இரும்பு வேண்டாம் என்று மிசினின் வாயைப் பொத்திக்கொண்டு, தாலியின் தலைக்குமேலேயே நடந்திருக்கிறேன்!

கையை மணலில் துடைத்துக்கொண்டு ஓடினேன். பட்டனை அழுத்தினேன். அப்பப்பா! காலையில் ஊமையாக இருந்த மணல் முழுக்க உறுமியது. பாத்திக்குப் பாத்தி ஆணி. எதையும் விடவில்லை. தோண்டித் தோண்டிப் போட்டேன், என் மனைவி தயிர்ச்சோற்றுப் பாத்திரத்து மூடியில் ஆணிகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே வந்தாள்.

"மறுபடியும் இரும்பு வியாபாரத்துக்கே வந்துட்டீக" என்றாள்.

"பேசாம வா."

சூரியன் கடலைத் தொட்டுவிட்டது. பாய் விரித்த இடத்துக்கும் குடைக்காலுக்கும் நடுவில் ஒரு உறுமல். அதே பன்றி உறுமல்தான். ஆனால் தட்டைத் திருப்பி மெதுவாகக் கொண்டுவந்தபோது உறுமலின் ஓரத்தில் சின்னதாக ஒரு கீச். முழங்கால் வலியெல்லாம் மறந்து உட்கார்ந்தேன். விரலில் முதலில் குத்தியது ஊக்குதான். இழுத்தேன். துருப்பிடிக்கத் தொடங்கியிருந்த மூன்று ஊக்குகள், அதன் பின்னால் சங்கிலி, அதன் நுனியில் மணலோடு தாலி.

நான் தூக்கிக் காட்டினேன். என் மனைவி மோதிரத்தைத் தொடாத மாதிரி இதை விட்டுவிடவில்லை. இரண்டு கையையும் நீட்டி வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்குப் பிறகு போட்டோ எடுக்கக்கூட விடவில்லை.

"இன்னொருத்தி தாலிய வாட்ஸ்அப்புல போடுவீகளா? செருப்பு பிஞ்சிரும்."

போனில் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே அழுகை. இப்போதே வருகிறோம் என்றார்கள். நீங்கள் வரவேண்டாம், நாளைக் காலையில் நாங்கள் வருகிறோம் என்று என் மனைவி போனைப் பிடுங்கிச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் கராமாவில் அந்தப் பழைய பில்டிங்கின் படி ஏறினோம். நான் எவ்வளவோ சொல்ல வைத்திருந்தேன், பாத்தி பிரித்தது, பட்டன், கீச், எல்லாம். யாரும் கேட்கவில்லை. அவள் தாலியை மஞ்சள் தண்ணீரில் கழுவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். கழுத்தில் போடவில்லை. புருசன்தான் போட வேண்டும். அவரோ பிள்ளையை எங்கோ வகுப்பில் விடப் போயிருந்தார். நான் சோபாவில் உட்கார்ந்தேன், எழுந்தேன், பால்கனிக்குப் போனேன், திரும்பி வந்தேன். "உன் வீட்டுக்காரரு எதுல வர்றாரு? மெட்ரோவா, பஸ்ஸா?" என்று கேட்டேன். "கார்லதானுங்க" என்று சிரித்தாள். நான் அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

அவர் வந்தார். கொக்கியை மாட்டத் தெரியாமல் அவள் பின்கழுத்தில் தடுமாறினார். "கல்யாணத்தன்னிக்காவது கயிறு, முடிச்சுப் போட்டா முடிஞ்சுது" என்றார். "அன்னிக்கும் உங்கக்காதானுங்க முடிச்சுப் போட்டாங்க" என்றாள் அவள். மாட்டி முடித்ததும் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அம்மா" என்று மட்டும் சொன்னாள். நான் பால்கனியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். வெல்டிங் பார்த்த கண், அடிக்கடி தண்ணீர் வரும்.

திரும்பிப் பார்த்தால், என் மனைவி தன் சங்கிலியிலிருந்து ஊக்குகளைக் கழற்றி அவள் சங்கிலியில் மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அத மாட்டாத! அதனாலதான் நேத்துப் பூரா நான் செத்தேன்" என்று கத்தினேன்.

"அதனாலதான் கெடைச்சுது" என்றாள் அவள். "துருப்பிடிச்சத நீங்க வச்சுக்கங்க."

படி இறங்கும்போது காற்று வீசியது. என் மனைவி முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தாள். வண்டியை எடுத்தவன், தெருமுனையிலேயே ஓரமாக நிறுத்திவிட்டு, எதிரில் இருந்த பேன்சி கடைக்குள் போய் ஒரு அட்டை ஊக்கு கேட்டேன். கடைக்காரர் கேரளாக்காரர். எடுத்துக் கொடுத்தார். சும்மா வாங்கிக்கொண்டு வர எனக்கு மனசு வருமா? "இந்த ஊக்கு இருக்கே, நேத்து என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டேன். பாத்தி பிரித்த இடத்துக்கு வந்திருப்பேன். வாசலில் அவள் குரல் கேட்டது.

"போதும் வாங்க. வண்டி ராங் பார்க்கிங்ல நிக்குது. ஃபைன் போடப் போறான்."

அட்டையை அவளிடம் கொடுத்தேன். அவள் அதைப் பிரித்து, ஒன்றைத் தோளில் குத்தி, மீதியை ஒவ்வொன்றாகச் சங்கிலியில் கோத்தாள். வண்டி ஓட்டுகிற நேரத்திலும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"ரோட்டப் பாருங்க" என்றாள்.